துடைச்சாச்சா, அம்மா?

சவரக்கத்தியைப் பற்றி ஒரு பெண்பிள்ளை எழுதுவதாவது என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீட்டுப் புருஷர்கள் சவரம் செய்துகொண்டு போன பிறகு குளியலறை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது நம்மைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? நுரை காய்ந்து போன கண்ணாடி, மூடி போடாத கிரீம் குழாய், ஈரம் சொட்டும் பிரஷ், தொட்டியைச் சுற்றிக் கறுப்பும் வெளுப்புமாய் மயிர்த்துகள்! இத்தனையையும் துடைத்து ஒழுங்கு பண்ணுகிறவர்களுக்கு அந்த விஷயத்தில் நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு அல்லவா?

ஆனால் நான் சொல்ல வந்தது, பத்து நாள் வைத்திருந்து குப்பையில் போடுகிற பிளாஸ்டிக் ரேஸரைப் பற்றி அல்ல. கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும் முழுநீளக் கத்தி. பழைய சலூன்களில் பளபளவென்று விரித்து, சுவரில் தொங்கும் தோல்வாரில் 'சளப், சளப்' என்று தீட்டுவார்களே, அந்த ரகம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. என் மாமனாருடையது. அதைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பாதுகாக்கும் உத்தியோகம் இப்போது என்னுடையது. நான் அதைக் கொண்டு ஒரு மயிரிழையைக்கூட வெட்டியது கிடையாது. ஆனாலும் சவரக்கத்தியைப் பற்றி என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

நாங்கள் நெய்வேலிவாசிகள். 1930-களில் இந்தப் பக்கத்தில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்தது என்று ஆரம்பிக்கும் கதையை இங்கே பள்ளிக்கூடத்துக் குழந்தைகூடச் சொல்லும். 1956-ல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நாலு வருஷம் மண்ணை வெட்டி வெட்டி எடுத்த பிறகு, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முகம் காட்டிற்று. அடுத்த வருஷம் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. அதே 1962-ல் 21 வயதுப் பிள்ளையாண்டானாக ஒரு டிரங்குப் பெட்டியுடன் வெல்டர் வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் என் மாமனார்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சச யந்திரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள், ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் எஃகுப் பற்கள். நிலக்கரியின் மேல் மூடியிருக்கும் கடலூர் மணற்கல் இருக்கிறதே, அது சாமான்யமான மண் இல்லை. எஃகையே தின்றுவிடும். ஜெர்மனியிலிருந்து வந்த யந்திரங்களின் பற்களை அது தேய்த்த வேகத்தைக் கண்டு அந்த நாளில் என்ஜினீயர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்களாம். தேய்ந்த பற்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மேலே கடினமான உலோகத்தை வெல்டிங்கில் பூசித் திரும்ப அனுப்புவதுதான் மாமாவின் வேலை. 1999-ல் ஓய்வு பெறும் வரைக்கும் அதே பட்டறையைச் சுற்றித்தான் இருந்தார். 'வெட்டறது எதுவானாலும் அதுக்கு ஒரு வாய் இருக்கும்மா. வாய் தேயறது வேலையால. துருப்பிடிக்கிறது சோம்பேறித்தனத்தால' என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் இதை அவர் என் அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அன்றைக்கே புளியைப் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன்!

கத்தி வந்தது 1965-ல். ஏதோ காரியமாகச் சென்னைக்குப் போனவர் மூர் மார்க்கெட்டில் சுற்றியிருக்கிறார். 1985-ல் தீப்பிடித்து எரிந்து போவதற்கு முன்னால் அங்கே கிடைக்காத பழைய சாமானே கிடையாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மூர் மார்க்கெட்தான். கறுப்புக் கொம்புப் பிடி. விரித்தால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நீளம். வால் பக்கத்தில் 'ஷெஃபீல்டு' என்று தேய்ந்த எழுத்து. நாலு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். கூட இருந்த நண்பர்கள் எல்லாம் சிரித்தார்களாம். பாரத் பிளேடும் ஸெவன் ஓ கிளாக்கும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிற காலத்தில், எந்த வெள்ளைக்காரனோ சவரம் செய்த கிழட்டுக் கத்திக்கு நாலு ரூபாயா என்று!

மாமாவுக்கு பிளேடு பிடிக்காததற்குக் காரணம் உண்டு. எஃகை வாங்கி நாலு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிவதை அவரால் தாங்க முடியாது. அமெரிக்காவில் கிங் காம்ப் ஜில்லெட் என்பவர் 1901-ல் கம்பெனி ஆரம்பித்ததே தூக்கி எறிவது என்ற யோசனையில்தான். 1903-ல் விற்க ஆரம்பித்தபோது அந்த வருஷம் முழுவதிலும் விற்றது வெறும் 51 ரேஸர். பிறகு முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கெல்லாம் ரேஸர் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள். மடக்குக் கத்தியின் ராஜ்யம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பேரில் மாமாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற இங்கிலீஷ்காரர் இரும்பாலை நடத்தினார். சேலம் பக்கத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கினார்கள். அந்த ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகு சல்லிசாகவும் நன்றாகவும் வர அது வழி செய்தது. ஷெஃபீல்டுக்காரர்களோ அதையே சற்று மாற்றிச் செய்து அவருக்குக் காசு கொடுக்காமல் இருந்துவிட்டார்கள். பாவம், மனிதர் வழக்காடியே ஓய்ந்து போனார். 'நம்ம பரங்கிப்பேட்டையில கத்துக்கிட்ட பாடம் இந்தக் கத்தியில இருக்கு' என்று மாமா சொல்வதுண்டு. இந்தக் குறிப்பிட்ட கத்தியில் இருக்கிறதோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது. நான் மறுப்பதில்லை.

என் மாமியாருக்கு மட்டும் அந்தக் கத்தியைக் கண்டாலே ஆகாது. 1966-ல் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் புருஷன் கழுத்தில் தினமும் விரித்த கத்தி ஏறி இறங்குவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? மாமா சவரம் செய்து முடிக்கிற வரை அத்தை அடுப்பங்கரையை விட்டு வரமாட்டாராம். குழந்தைகள் பிறந்த பிறகு கத்தி அலமாரியின் உச்சித் தட்டுக்குப் போயிற்று. 'அறுபது வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிண்டிருக்கேன்' என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லிக்கொண்டே மாமாவின் பழைய வேட்டியில் மெத்தென்று இருக்கும் பகுதியாகப் பார்த்துக் கிழித்து, கத்தி துடைக்க என்று தனியே மடித்து வைப்பவரும் அவர்தான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வட்டத்தில் — இங்கே நகரின் பகுதிகளுக்கு வட்டம் என்று பேர் — விழாத மரம்தான் குறைவு. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊரில் எங்கள் வீட்டில் விளக்கு இல்லை. என் வீட்டுக்காரர் அப்போது மின்சார ஷேவர் வைத்திருந்தார். அது ஊமையாகிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வழக்கம் போல் மாமா சவரம் செய்துகொண்டு, மழமழவென்று வந்து உட்கார்ந்தார். பிள்ளை தாடியைத் தடவிக்கொண்டு நின்றதை அத்தை பார்த்தார். அன்று ஒரு நாள்தான் அத்தை கத்தியைத் திட்டவில்லை.

இப்போது மாமாவுக்கு 84 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வலது கையில் நடுக்கம் வந்தது. காப்பி டம்ளரில் முதலில் தெரிந்தது, பிறகு கையெழுத்தில். டாக்டர் மருந்து கொடுத்தார். கத்தியைப் பற்றி எங்களில் யாருக்கும் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர், 'நீயே பக்குவமாச் சொல்லேன்' என்பார். 'உங்க அப்பா, நீங்க சொல்லுங்கோ' என்பேன் நான். அத்தையோ இத்தனை வருஷம் வாய் ஓயாமல் திட்டியவர், அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே மூன்று பேரும் ஆளுக்கு ஒரு காரியம் செய்வதுபோல் நிற்போம்.

ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, கொஞ்சம் வாம்மா."

போய்ப் பார்த்தேன். ஒரு கன்னம் சுத்தமாக இருந்தது. இன்னொரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. ரத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. ஜன்னல் விளிம்பில் கத்தியை விரித்தபடி வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதைத் துடைச்சு வச்சுடும்மா. ஈரமா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். நடுக்கத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றக் கன்னத்தை என் வீட்டுக்காரர் தம் ரேஸரால் முடித்துக் கொடுத்தார். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன். எப்படித் துடைப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. மாமா ஈஸிசேரில் வந்து சாய்ந்துகொண்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவருக்குக் கைதான் ஒத்துழைக்கவில்லை. கண்ணும் காதும் தீர்க்கம்.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தி இல்லாவிட்டாலும் நல்ல காய்கறிக் கத்திக்கு ஆகும்.

முதலில் வெந்நீர். கத்தியின் வாய் நம்மைப் பார்க்காமல் பிடித்து, மேல் தகட்டை மட்டும் நீரில் காட்ட வேண்டும். பிடியும் தகடும் சேருகிற இடத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அங்கே தண்ணீர் இறங்கக் கூடாது. இறங்கினால் வெளியே பளபளப்பு இருக்க, உள்ளே துரு குடியேறிவிடும். சோப்பு நுரையும் மயிர்த்துகளும் போனதும் வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். இங்கேதான் நுணுக்கம். துணியைக் கத்தியின் முதுகில் வைத்து, வாயை நோக்கி வழித்துவிட வேண்டும். வாயின் நீளத்துக்குத் துணியை இழுக்கக் கூடாது. எதிர்ப்பக்கமாக, வாயிலிருந்து முதுகுக்கும் துடைக்கக் கூடாது. இழுத்தால் துணி போகும், கூர் போகும், கூடவே விரலும் போகும். தோசைக்கல்லைத் துடைக்கிறாப்போல வட்டமாகச் சுற்றுகிற கையோடு நான் ஆரம்பித்ததும் மாமா ஈஸிசேரிலிருந்து பாதி எழுந்தே விட்டார்!

தகடு உலர்ந்ததும் துணியின் ஒரு மூலையை விளக்குத் திரிபோல் முறுக்கி, பிடியின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே நுழைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரம் வரும். எங்கிருந்துதான் வருகிறதோ! திரி உலர்ந்து வருகிற வரை விடக் கூடாது.

பிறகு வார். மாமாவின் வாரில் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் கித்தான். சவரத்துக்கு முன்னால் தீட்டுவது தோலில். சவரம் முடிந்த பிறகு கித்தானில் பத்துத் தடவை. கண்ணுக்குத் தெரியாமல் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத்தையும் சோப்பையும் கித்தான் எடுத்துவிடுகிறது. வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி, தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தட்டையாகப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுக்க வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் வாரை வெட்டிவிடும். சலூன்களில் புதிதாக வேலை கற்கும் பையன்கள் வாரில் போடும் வெட்டுக்கள் எல்லாம் இப்படி வந்தவைதானாம். 'சத்தத்தைக் கேளும்மா' என்பார் மாமா. தட்டையாகப் போனால் ஒரே சீராக, பட்டுப் புடவையைக் கையால் தடவுகிற மாதிரி ஒரு ஓசை. சற்றுத் தூக்கினால் கரகரப்பு. கண்ணை மூடிக்கொண்டே, 'தூக்கறே, தூக்கறே' என்று சொல்லிவிடுவார்.

அதன்பின் கத்தியை உடனே மடக்கக் கூடாது. கூடத்தில் உயரமான இடத்தில் ஒரு மணி நேரம் விரித்தபடி காற்றாட இருக்க வேண்டும். குளியலறையில் வைப்பது மகா பாவம். வெந்நீர் ஆவி நாள் முழுதும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் எடுக்கப் போவதில்லை என்றால் எண்ணெய். தேங்காயெண்ணெய் நம் கைக்கு முதலில் வரும், அது வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் பிசுக்காகிக் காறல் வாடை அடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, விரலில் தொட்டு, முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் தடவினால் போதும். மறுபடி எடுக்கும்போது அதைத் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் இன்னொன்றும் செய்கிறேன்: புதுக் கைப்பையிலும் செருப்புப் பெட்டியிலும் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போட்டு அனுப்புகிறார்கள் அல்லவா, அதைக் கத்திப் பெட்டியில் போட்டு வைக்கிறேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மாமா ஒப்புக்கொண்டார்.

பிடியையும் கவனிக்க வேண்டும். கொம்புப் பிடி தண்ணீரில் ஊறினால் வளைந்து போகும். எப்போதாவது அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய். ஸெல்லுலாய்டுப் பிடி போட்ட பழைய கத்தி யார் வீட்டிலாவது இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்துவிடாதீர்கள். நாளான ஸெல்லுலாய்டு அழிகிறபோது வெளிவரும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கும் எஃகை அரித்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரும்பில் மேலாகப் படிந்த கறை தேய்த்தால் போய்விடும். வாயில் பிடித்த துரு அப்படி அல்ல. அது ஊசிமுனை அளவு குழி பறித்துவிடும். பிறகு அந்தக் குழி மறையும் வரை கத்தியையே சாணையில் தேய்த்துக் கரைக்க வேண்டியதுதான். ஒரு தகட்டின் ஆயுள் சவரத்தில் குறைவதைவிடச் சவரத்துக்குப் பிந்திய அஜாக்கிரதையில்தான் அதிகம் குறைகிறது என்பது மாமாவின் கட்சி.

சவரத்தாலும் குறையத்தான் செய்கிறது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் ஆராய்ந்து 'ஸயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். சவர பிளேடின் எஃகு, மயிரைவிட ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருக்க மயிர் எப்படி அதை மழுக்குகிறது? கூர் மெள்ள மெள்ளத் தேய்ந்து உருண்டையாகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மயிர் வளைந்து கொடுக்கிறபோது, எஃகு எங்கெங்கே ஒரே சீராக இல்லையோ அங்கங்கே வாய் சிறு சிறு சில்லாகப் பெயர்கிறதாம். என் பிள்ளை இதைப் படித்துக் காட்டியபோது மாமா குழந்தைபோல் சந்தோஷப்பட்டார். 'வாளிப் பல்லும் இப்படித்தான்டா. கல்லு கெட்டியா இருக்கிறதைவிட, பல்லு எந்த இடத்துல பலவீனமா இருக்குங்கிறதுதான் கணக்கு' என்றார்.

மாமாவுக்கு இப்போது சவரம் செய்ய, வாரம் இரண்டு முறை கடைத்தெரு சலூன்காரர் வீட்டுக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் பிளேடு உறையை நம் எதிரில் பிரித்து, பாதியாக உடைத்து, பிடியில் செருகி, வேலை முடிந்ததும் காகிதத்தில் சுற்றிப் போட்டுவிடுகிறார். அவருடைய தகப்பனார் காலத்தில் முழுக் கத்திதான். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் முயற்சியால் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற பிரசாரம் ஊர் ஊராகப் போயிற்று. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சிலவும் ரத்தத்தின் வழியே பரவுகிறவைதான். அது நல்ல மாறுதல். அதில் சந்தேகம் இல்லை. வீட்டிலும் ஒருவர் ரேஸரை இன்னொருவர் தொடக் கூடாது. ஆனால் அந்தச் சலூன்காரர் முதல் நாள் மாமாவின் கத்தியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார் பாருங்கள்! விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, முழங்கையருகே மயிரில் லேசாகத் தொட்டுப் பார்த்தார். 'ஐயா, அப்பா கல்லு இன்னும் வீட்டுல இருக்கு' என்றார். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தியை எடுத்துப் போய்க் கல்லில் தீட்டிக் கொண்டுவருகிறார். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. பலாப்பழக் காலத்தில் எங்கள் மரத்துப் பழம் ஒன்று அவர் வீட்டுக்குப் போகும்.

நடுவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட பழைய கத்திகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். நல்ல விலை கொடுப்பார்களாம். 'சும்மாத்தானே கிடக்கு' என்றார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். 'சும்மாவா கிடக்கு? தினம் அவர் அவகிட்டே கேட்கிறாரே, உன் காதுல விழலையா?' என்றார். அறுபது வருஷம் அந்தக் கத்தியை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்தவர்!

தினம் கேட்பது உண்மைதான். சாயங்காலக் காப்பியைக் கொடுக்கும்போது கேட்பார்: "துடைச்சாச்சா, அம்மா?" கத்தி பெட்டியை விட்டு வெளியே வராத நாளிலும் கேட்பார். "ஆச்சு மாமா" என்பேன். சில நாள் அதற்காகவே எடுத்து ஒரு தடவை துடைத்து வைப்பேன்.

இந்தப் பொங்கலுக்கு என் பிள்ளை காலேஜிலிருந்து வந்திருந்தான். வயது 20. தாடியைக் கத்தரிப்பதும் வளர்ப்பதுமாக இருந்தவன், போகிக்கு மறுநாள் காலையில், "தாத்தா, நான் ஒரு தடவை இதுல பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். அத்தை முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். மாமா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் இனிமே தொடப் போறதில்லே. நீ எடுத்தா அது உன்னோடது. வேற ஒருத்தரும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன். ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சுக் குடும்மா அவனுக்கு" என்றார்.

முற்றத்தில் வெயிலில் நாற்காலி போட்டு, கண்ணாடியை வைத்து, முகத்தில் வெந்நீர்த் துணி ஒத்தி, நுரை தடவி, அரைமணி நேரம் நடந்தது அந்தச் சடங்கு. 'தோலை இழுத்துப் பிடி. முப்பது டிகிரிக்கு மேல தூக்காதே. அழுத்தாதே, அது எடையிலேயே போகட்டும். மயிர் போற போக்கிலேயே போ.' மாமா சொல்லச் சொல்ல அவன் செய்தான். கன்னங்கள் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. மோவாயின் வளைவில் சுருக்கென்று ஒரு கீறல். சிவப்பாகத் துளிர்த்தது. கத்தியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு அவன் கண்ணாடியை எடுத்தான். அத்தை "ஐயையோ" என்று படிகாரத்துக்கு ஓடினார்.

மாமா பேரன் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அதைத் துடைடா. ரத்தம் தானா நின்னுடும்."

அவன் ஒரு கையால் படிகாரத்தை மோவாயில் அழுத்திக்கொண்டு, மறுகையால் வேட்டித் துணியை எடுத்தான். நான் எழுந்திருக்கப் போனேன். மாமா கண்ணாலேயே உட்கார் என்றார். முதுகிலிருந்து வாய்க்கு, திருப்பி மறுபக்கம், பிறகு துணி மூலையை முறுக்கி ஆணியருகில்... நான் செய்வதை அவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது, சரியாகவே செய்தான். ஜன்னல் கம்பியில் வாரை மாட்டி, கித்தான் பக்கமாகத் தீட்டத் தொடங்கினான். மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மடியில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஓசை நின்றது.

"எட்டுதான் ஆச்சு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.